நம் வீட்டுக் கஞ்சியின் வரலாறு



போன தவணையில் ஐந்தாம் படிவ மாணவி ஒருத்தி 'எங்கள் வீட்டு உணவு' என்ற கட்டுரையில் இப்படி எழுதியிருந்தாள்: "நாங்கள் கஞ்சி குடிக்கும் அளவுக்கு ஏழைகள் அல்ல." தன்மைப் பன்மைக்கு 'அல்லோம்' என்று வர வேண்டும் என்று சிவப்பு மையால் திருத்திவிட்டேன். ஆனால் அதற்கு முன்னால் நிற்கிறதே 'அளவுக்கு' என்ற சொல், அதை என்ன செய்வது என்று தெரியவில்லை. இலக்கணப்படி அதில் ஒரு குறையும் இல்லை.

அதே வாரம் இன்னொரு பையன் கேட்டான்: "டீச்சர், மால்ல சீனக் கடைப் பலகையில ஆங்கிலத்துல 'கோஞ்சீ'ன்னு போட்டிருக்கு. அது சீன வார்த்தைதானே?" "இல்லப்பா, அது நம்ம கஞ்சிதான்" என்றேன். வகுப்பே சிரித்தது. டீச்சர் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்துவிட்டார்கள்.

இரண்டு பேருக்கும் வகுப்பில் முழுப் பதில் சொல்ல நேரம் இல்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை. ஆசிரியர்கள் இதைப் பாடத்துணையாகப் பயன்படுத்தலாம். மாணவர்கள் படித்துவிட்டு நேராக அடுப்படிக்குப் போய்ப் பாட்டியிடம் சரிபார்க்கலாம்.

சொல் போன தூரம்

முதலில் பையனின் கேள்விக்கு வருவோம். கஞ்சி சங்க இலக்கியத்திலேயே இருக்கும் சொல். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துச் சோற்றுச் சாலைகளில் வடித்த கஞ்சி ஆறு போல் தெருவில் ஓடுகிறது. அதில் எருதுகள் முட்டி மோதிச் சேறாகிறது. பிறகு தேர் ஓடி ஓடிச் சேறு புழுதியாகிறது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இந்தக் கஞ்சி சோறு வடித்த நீர். நாம் கிண்ணத்தில் ஊற்றிக் குடிப்பது வேறு. இன்றும் தமிழில் இரண்டு பொருளும் உண்டு. வேட்டிக்குப் போடுவதையும் கஞ்சி என்கிறோம். மலாய்க்காரர்களும் மாவுச்சத்துக்கும் துணிக்குப் போடும் பசைக்கும் 'கஞ்சி' என்றே சொல்கிறார்கள். அவர்கள் குடிக்கும் கஞ்சிக்குப் பெயர் 'பூபோர்'.

16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் இந்தியாவின் மேற்குக் கரையில் குடியேறினார்கள். கோவாவில் வாழ்ந்த கார்சியா ட ஓர்த்தா என்ற போர்ச்சுகீசிய மருத்துவர் 1563இல் மருந்துப் பொருள்கள் பற்றி ஒரு நூல் அச்சிட்டார். வாந்திபேதி கண்டவருக்கு மிளகும் சீரகமும் சேர்த்த அரிசிக் கஞ்சித்தண்ணீர் கொடுக்கிறார்கள் என்று அதில் குறித்து, அதன் உள்ளூர்ப் பெயரையும் எழுதி வைத்தார். மிளகும் சீரகமும்! வயிறு சரியில்லை என்றால் உங்கள் அம்மா இன்றைக்கும் என்ன செய்கிறார் என்று யோசித்துப் பாருங்கள்.

அங்கிருந்து சொல் கப்பலேறியது. போர்ச்சுகல்லிலும் பிரேசிலிலும் அரிசி போட்ட கோழிச் சாற்றுக்கு 'கான்ஜா' என்று பெயர். ஆங்கிலேயர் அதை 'கோஞ்சீ' ஆக்கினார்கள். இந்தியாவில் ஆங்கிலேயர் பேசிய கலப்புச் சொற்களுக்கு யூல், பர்னெல் என்ற இருவர் தொகுத்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி 1886இல் வெளிவந்தது. அதில் கஞ்சியும் இருக்கிறது, அதற்குப் பக்கத்திலேயே 'கஞ்சி வீடு' என்று ஒரு சொல்லும் இருக்கிறது. பட்டாளத்தில் தப்புச் செய்த சிப்பாயை அடைத்து வைக்கும் அறைக்கு அந்தப் பெயர். உள்ளே இருப்பவனுக்குக் கஞ்சிதான் சாப்பாடு, அதனால் வந்த பெயர். மாணவியின் 'அளவுக்கு' எங்கிருந்து வந்தது என்பதற்கு இது முதல் தடயம். தொடர்ந்து பார்ப்போம்.

ஆங்கிலம் பேசுகிறவர்கள் சீனரின் அரிசிக் கஞ்சியைப் பார்த்தபோதும் அதே சொல்லைத்தான் பயன்படுத்தினார்கள். அப்படித்தான் அது இன்றைய கடைப் பலகைக்கு வந்தது. ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை: இதை வகுப்பில் சொல்லும்போது "சீனருக்குக் கஞ்சியைக் கற்றுக்கொடுத்ததே நாம்தான்" என்று கிளம்பிவிட வேண்டாம். கஞ்சி அவர்களுக்கும் பழைய உணவு, காண்டனீஸில் 'ஜூக்' என்று சொந்தப் பெயரும் உண்டு. ஆங்கிலப் பெயர் மட்டும்தான் நம்முடையது.

காய்ச்சும் வகையும் சேர்க்கும் சுவையும்

கஞ்சி, கூழ், களி மூன்றையும் மாணவர்கள் கட்டுரையில் குழப்பிவிடுகிறார்கள். தானியம் நீரில் குழைந்து, ஊற்றினால் ஓடுகிற பதத்தில் இருப்பது கஞ்சி. மாவைக் கரைத்துக் கெட்டியாகக் காய்ச்சுவது கூழ். உருட்டி வைக்கும் அளவுக்கு இறுகினால் களி. "கூழானாலும் குளித்துக் குடி" என்ற பழமொழியில் குடி என்று வருவதால் கூழ் தண்ணீராகத்தான் இருக்கும் என்று ஒரு மாணவன் என்னிடம் வாதாடினான். பாதி சரி. காய்ச்சிய கூழ் கெட்டிதான். குடிப்பதற்கு முன்னால் மோர் விட்டுக் கரைக்கிறோம்.

எங்கள் வீட்டு அரிசிக் கஞ்சியைச் சொல்கிறேன். அரைக் குவளைப் புழுங்கலரிசியை வெறும் சட்டியில் சூடேற வறுத்து, ஒன்றிரண்டாக உடைத்துக்கொள்ள வேண்டும். ஒரு கைப்பிடிப் பாசிப்பருப்பு, அரைத் தேக்கரண்டி வெந்தயம், எட்டுப் பல் பூண்டு, ஐந்து குவளைத் தண்ணீர். சின்ன நெருப்பில் வேகட்டும். அரிசி மலர்ந்து, பருப்பு கரைந்து, பூண்டு நசுங்கும் பதம் வந்ததும் உப்புப் போட்டு, கடைசியாக அரைக் குவளைத் தேங்காய்ப்பால். பால் ஊற்றிய பிறகு கொதிக்கவிடக் கூடாது, திரிந்துவிடும். தொட்டுக்கொள்ளத் தேங்காய்த் துவையல், மோர் மிளகாய், இல்லையென்றால் வறுத்த நெத்திலி. அரிசியை ஏன் உடைக்கிறோம் தெரியுமா? முழு அரிசியைவிட உடைந்த அரிசியிலிருந்து மாவுச்சத்து சீக்கிரம் வெளியே வரும், கஞ்சி விரைவில் கெட்டிப்படும். விறகும் மிச்சம். அதைவிட முக்கியம், குருணை முழு அரிசியைவிட மலிவு. ஏழையின் கணக்கும் சுவையும் இங்கே ஒன்றாகப் போய்விட்டன.

கேழ்வரகுக் கூழ் இரண்டு நாள் வேலை. முதல் நாள் இரவு மாவைத் தண்ணீரில் கரைத்துப் புளிக்க வைக்க வேண்டும். மறுநாள் நொய்யரிசியை முதலில் வேகவைத்து, புளித்த மாவை அதில் ஊற்றி, மரத்துடுப்பால் விடாமல் கிண்ட வேண்டும். காய்ந்த மாவை நேராகச் சுடுநீரில் கொட்டினால் வெளிப்பக்கம் மட்டும் வெந்து உள்ளே மாவாகவே கட்டி தட்டும். அதனால்தான் முன்கூட்டியே கரைக்கிறோம். ஈரக் கையால் தொட்டுப் பார்த்து ஒட்டவில்லை என்றால் வெந்துவிட்டது. ஆடி மாதம் அம்மன் கோயில்களில் அண்டா அண்டாவாகக் காய்ச்சி ஊற்றுவது இதைத்தான். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கருவாடு, முருங்கைக்கீரை என்று உடன் சேர்வது வீட்டுக்கு வீடு மாறும். கேழ்வரகில் அரிசியைவிடப் பல மடங்கு சுண்ணாம்புச் சத்து இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நோன்புக் கஞ்சி இன்னொரு உலகம். தமிழ் முஸ்லிம் வீடுகளிலும் பள்ளிவாசல்களிலும் ரமலான் மாதம் முழுக்கக் காய்ச்சுவார்கள். பச்சரிசிக் குருணை, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு வரைக்கும் என் அம்மாவின் கஞ்சிதான். அதற்கு மேல் பட்டை, கிராம்பு, ஏலக்காய், இஞ்சி, தக்காளி, கொத்துக்கறி, புதினா, தேங்காய்ப்பால் என்று ஏறிக்கொண்டே போகும். பக்கத்தில் சூடாக ஒரு வடை. கீழக்கரை, காயல்பட்டினம் பக்கத்துச் சமையலில் ரம்பை இலையும் உண்டு. இங்கே நாம் பாண்டான் என்று சொல்லும் அதே இலைதான். சிங்கப்பூரில் சவுத் பிரிட்ஜ் சாலையில் இருக்கும் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் 1826இல் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்களால் நிறுவப்பட்டது. ரமலானில் அங்கே இன்றும் நோன்புக் கஞ்சி கிடைக்கும். இந்து வீட்டுப் பிள்ளைகளும் பாத்திரம் தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளிவாசலில் கஞ்சி வாங்கி வந்த கதை நம்மில் பலருக்குச் சொந்தக் கதை.

தொட்டியில் ஊற்றிய கஞ்சி

சரி, இவ்வளவு நல்ல உணவுக்கு எப்படி அந்த 'அளவுக்கு' ஒட்டிக்கொண்டது?

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் பெரும் பஞ்சம். தாது வருடப் பஞ்சம் என்று நம் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். பல லட்சம் பேர் இறந்தார்கள். நிவாரண முகாம்களில் வேலை செய்ய முடிந்தவர்களுக்குக் கூலி, முடியாதவர்களுக்குச் சமைத்த உணவு. 1877இல் சர் ரிச்சர்டு டெம்பிள் ஒரு கூலி அளவை நிர்ணயித்தார். வளர்ந்த ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும். ஒரு ராத்தல் என்பது இன்றைய கணக்கில் 450 கிராம் அளவு. நாள் முழுக்க மண் வெட்டுகிற உடம்புக்கு அது போதாது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். சில மாதங்களுக்குப் பிறகு கூலியைக் கூட்ட வேண்டியதாயிற்று.

'கஞ்சித் தொட்டி' என்ற சொல்லைக் கேட்டாலே நம் பெரியவர்களுக்கு முகம் சுருங்கும். வீட்டுக் கஞ்சி வேறு, வரிசையில் நின்று கையேந்தி வாங்கும் கஞ்சி வேறு. வீட்டில் அதற்குப் பூண்டு உண்டு, துவையல் உண்டு, "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா"என்று கேட்க ஆளுண்டு. தொட்டியில் உப்பாவது இருந்தால் பெரிது. ஆனால் இரண்டுக்கும் ஒரே பெயர். என் கருத்தைக் கேட்டால், நம்மவர்கள் கஞ்சியைச் சொல்லக் கூசுவதற்கு வேர் இந்த வரிசைதான், உணவு இல்லை. பஞ்சம் துரத்தியவர்கள் இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பல் ஏறினார்கள். வரும்போது அந்தக் கூச்சமும் கூடவே வந்தது.

விடியுமுன் ஒரு செம்பு

தோட்டத்தில் நாள் விடியுமுன் தொடங்கும். பிரட்டுக்கு ஆள் கூடும் நேரத்துக்கு முன்னால் எதையாவது வயிற்றில் போட வேண்டும். அடுப்பு மூட்டிச் சமைக்க நேரம் ஏது? முதல் நாள் இரவுச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்திருப்பார்கள். காலையில் உப்புப் போட்டுப் பிசைந்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடித்துவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு பால்மரக் காட்டுக்குப் போவார்கள். அந்த நீராகாரத்தின் இலேசான புளிப்பு இரவெல்லாம் நுண்ணுயிர்கள் செய்த வேலை. தயிரைப் புளிக்க வைக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவைதான் அவையும்.

மலாயாவுக்கு வந்த பிறகு துணைக்கறி மாறியது. ஊரில் கருவாடு இருந்த இடத்தில் இங்கே நெத்திலி, சம்பால், சில வீடுகளில் உப்பு முட்டை. எங்கள் பக்கத்து லயத்துப் பெரியம்மா ஒருவர் கஞ்சிக்கு பெலாச்சான் வைத்துத் துவையல் அரைப்பார். அதை எந்த ஊர்ச் சமையல் என்று சொல்வீர்கள்?

அரிசியை மட்டும் நம்மவர்கள் மாற்றவில்லை. இந்தியாவிலிருந்து வந்த புழுங்கலரிசியையே தேடி வாங்கினார்கள். நெல்லை ஊறவைத்து, உமியோடு அவித்து, காயவைத்து, பிறகு குத்திய அரிசி அது. நிறம் மங்கல், ஒரு வாடையும் உண்டு. சீனத் தொழிலாளர்கள் பெரும்பாலும் சாப்பிட்டது சயாமிலிருந்தும் இரங்கூனிலிருந்தும் வந்த, ஆலையில் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. கண்ணுக்கு அதுதான் அழகு. இந்த வேற்றுமைதான் உலக மருத்துவ வரலாற்றில் ஓர் இடம் பிடித்தது. எத்தனை தமிழ்ப்பள்ளி மாணவருக்கு இது தெரியும்?

அந்தக் காலத்தில் மலாயாவின் ஈயச் சுரங்கங்களையும் சிறைகளையும் மருத்துவமனைகளையும் ஆட்டிப்படைத்த நோய் பெரிபெரி. கால் மரத்துப்போகும், வீங்கும், நடக்க முடியாது, கடைசியில் இதயம் நின்றுவிடும். சீனத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் இறந்தார்கள். தமிழர்களுக்கு அந்த நோய் அரிதாகவே வந்தது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய டாக்டர் பிராடன் இதைக் கவனித்து, வேற்றுமை அரிசியில்தான் இருக்கிறது என்று 1907இல் ஒரு நூலே எழுதினார். சேமித்து வைத்த வெள்ளை அரிசியில் ஏதோ நஞ்சு உண்டாகிறது என்பது அவருடைய விளக்கம். விளக்கம் தவறு, கவனித்தது சரி. வரலாறு படிப்பவர்கள் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும்.

கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் டாக்டர் வில்லியம் ஃபிளெட்சர் ஒரு சோதனை செய்தார். 1905 டிசம்பர் முதல் 1906 முடியும் வரை நடந்தது. நோயாளிகளை எண் வரிசையில் நிறுத்தி, ஒற்றைப்படை ஒரு பக்கம், இரட்டைப்படை ஒரு பக்கம் என்று பிரித்தார். ஒரு பக்கத்துக்கு வெள்ளை அரிசி, மறுபக்கத்துக்கு இந்தியப் புழுங்கலரிசி. மற்ற உணவெல்லாம் ஒன்றே. பக்கத்துக்குச் சுமார் 120 பேர். வெள்ளை அரிசிப் பக்கத்தில் பலருக்குப் பெரிபெரி வந்தது, 18 பேர் இறந்தார்கள். புழுங்கலரிசிப் பக்கத்தில், வரும்போதே நோயோடு வந்த இருவரைத் தவிர யாருக்கும் நோயில்லை, ஒருவரும் அதனால் சாகவில்லை. தன் நிலையைத் தானே எடுத்துச் சொல்ல முடியாத நோயாளிகளை வைத்து இப்படிச் செய்தது சரியா என்பது வகுப்பில் விவாதிக்க வேண்டிய கேள்வி. இன்றைக்கு என்றால் எந்த மருத்துவமனையிலும் அனுமதி கிடைக்காது.

அடுத்து, கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஃபிரேசரும் ஸ்டான்டனும் நெகிரி செம்பிலானில் டூரியான் தீப்புஸ் பக்கம் காட்டுக்குள் வேலை செய்த ஏறக்குறைய 300 ஜாவானியத் தொழிலாளர்களிடம் இதையே சோதித்தார்கள். வெள்ளை அரிசி உண்ட பிரிவில் பெரிபெரி வந்தது, புழுங்கலரிசிப் பிரிவில் வரவில்லை. அரிசியை மாற்றிக் கொடுத்தபோது நோயும் அதன் பின்னாலேயே போனது. அரிசியில் நஞ்சு ஒன்றும் இல்லை, தீட்டும்போது தவிட்டோடு போய்விடும் ஒரு சத்துத்தான் இல்லை என்று 1909இல் அவர்கள் நிலைநாட்டினார்கள். அதற்கு முன்பே பத்தாவியாவில் டச்சு மருத்துவர் எய்க்மான் கோழிகளை வைத்து இதே திசையில் போயிருந்தார். அவருக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. 'வைட்டமின்' என்ற பெயரைக் காசிமிர் ஃபங்க் 1912இல் உருவாக்கினார். நாம் பேசிக்கொண்டிருக்கும் சத்து வைட்டமின் பி1.

இதில் நம் பாட்டிகளின் பங்கு என்ன? நெல்லை உமியோடு அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் பி1 அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் ஓரளவு தங்கும். நெல் அவித்த யாருக்கும் வைட்டமின் தெரியாது. அரிசி உடையாமல் இருக்க, பூச்சி அரிக்காமல் இருக்க, கஞ்சி சுவையாக இருக்க அவித்தார்கள். ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். "கஞ்சி பெரிபெரியைத் தடுத்தது" என்று தேர்வில் எழுதாதீர்கள். தடுத்தது புழுங்கலரிசி. கஞ்சி செய்த உதவி ஒன்று உண்டு: சோறு வடித்தால் பி1 வடிநீரோடு போகும், கஞ்சியில் நீரைக் கொட்டுவதில்லை, எல்லாம் வயிற்றுக்கே போகிறது.

ஜப்பான்காரன் காலம்

வெள்ளை அரிசிக்கும் பெரிபெரிக்கும் உள்ள தொடர்பு 1909க்குள் மலாயாவிலேயே தெரிந்துவிட்ட செய்தி. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் பாதிக்கு மேல் வெளியிலிருந்தே வாங்கி வந்த நாடு. போரில் கப்பல் போக்குவரத்து முடங்க, இந்தியப் புழுங்கலரிசி அடியோடு நின்றது. பங்கீட்டு அரிசி மாதத்துக்கு மாதம் குறைந்தது. லயத்துப் பின்புறத்திலும் பால்மரங்களுக்கு நடுவிலும் மரவள்ளி நட்டார்கள். கிழங்கு வயிற்றை நிரப்பும். புரதமோ பி1 சத்தோ அதில் மிகக் குறைவு. தமிழரை அண்டாத நோய் என்று பிராடன் கண்ட பெரிபெரி இப்போது தமிழர் வீட்டுக்குள்ளும் வந்தது.

சயாமுக்குப் போனவர்கள் நிலை இன்னும் கொடியது. சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் இரயில்பாதை போட, தோட்டங்களிலிருந்து தமிழர்களைப் பல்லாயிரக்கணக்கில் கொண்டுபோனார்கள். சிலரை ஆசை காட்டி, பலரைப் பிடித்து. 1943 அக்டோபரில் பாதை முடிந்தபோது பெருந்தொகையானோர் உயிரோடு இல்லை. வாந்திபேதி, மலேரியா, சீதபேதி, இவற்றோடு பெரிபெரி. முகாமில் கிடைத்தது தீட்டிய வெள்ளை அரிசி, அதுவும் பெரும்பாலும் காய்கறி இல்லாமல். எந்த மக்களின் அரிசியை வைத்து உலகம் பெரிபெரியைப் புரிந்துகொண்டதோ, அதே மக்கள் முப்பத்து நான்கு ஆண்டு கழித்துக் கால் வீங்கி அந்தக் காட்டில் விழுந்தார்கள்.

போர் கடலுக்கு அந்தப் பக்கமும் ஒரு கஞ்சியை மாற்றியது. ஜவ்வரிசி என்ற சொல்லே ஜாவா அரிசி என்பதிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். 19ஆம் நூற்றாண்டில் சிங்கப்பூர் சகோப்பனை மாவிலிருந்து ஜவ்வரிசி செய்து ஏற்றுமதி செய்த பெரிய மையம். சைனாடவுனில் இருக்கும் சேகோ தெருவின் பெயர் அந்தத் தொழிலின் மிச்சம். காய்ச்சல்காரருக்கு ஊரில் காய்ச்சிய ஜவ்வரிசிக் கஞ்சியின் மணிகள் நம் பக்கத்திலிருந்து போனவை. போரால் அந்த இறக்குமதி நின்றபோது, சேலத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். இன்று நம் கடைகளில் கிடைப்பதும் பெரும்பாலும் மரவள்ளி ஜவ்வரிசிதான். இங்கே மரவள்ளி பசிக்கு வந்தது, அங்கே தொழிலாயிற்று.

அந்த மாணவிக்கு நான் மதிப்பெண் குறைக்கவில்லை. ஒரு வேலை மட்டும் கொடுத்தேன். அவளுடைய கொள்ளுப்பாட்டிக்குத் தொண்ணூறு வயது, இன்னும் தெளிவாகப் பேசுகிறார். அவரிடம் நான்கு கேள்வி கேட்டு வரச் சொன்னேன். சின்ன வயதில் குடித்த கஞ்சியில் என்ன தானியம்? முழுசா, குருணையா? உப்பும் புளிப்பும் எங்கிருந்து வந்தன? வீட்டில் யார் முதலில் குடித்தார்கள், யார் கடைசி?

ஆசிரியர்கள் இந்த நான்காம் கேள்வியை விட்டுவிட வேண்டாம். மற்ற மூன்றுக்கும் பதில் புத்தகத்தில்கூடக் கிடைக்கலாம்.

இரண்டு வாரம் கழித்து நோட்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். கொள்ளுப்பாட்டி பேசியதைப் பேச்சுத்தமிழிலேயே எழுதியிருந்தாள். திருத்தாமல் தருகிறேன்: "ஜப்பான்காரன் காலத்துல மரவள்ளியச் சீவி, காயவெச்சு, இடிச்சு வெச்சுக்குவோம் அம்மாடி. அரிசி ஒரு கைப்பிடி விழும், சில நாள் அதுவும் இல்ல. நெத்திலி கெடச்சா தலையக் கிள்ளிப் போடாம அதையும் இடிச்சுப் போடுவாங்க. எங்கம்மா அடியில கெட்டியா இருக்கிறத எங்க அஞ்சு பேருக்கும் ஊத்திட்டு, மேல தெளிஞ்சு நிக்கிற தண்ணியத்தான் குடிப்பாங்க. எனக்குக் கஞ்சி பிடிக்காதுன்னு சொல்லுவாங்க. நாங்களும் நம்பிட்டோம்."

அதற்குக் கீழே மாணவி தன் கையால் ஒரு குறிப்பு எழுதியிருந்தாள். கொள்ளுப்பாட்டியின் அப்பா சயாமுக்குப் போனவராம், அதைப் பற்றிக் கேட்டதும் பாட்டி படுக்கப் போய்விட்டாராம், அடுத்த சனிக்கிழமை மறுபடியும் போய்க் கேட்கப் போகிறாளாம். 'அளவுக்கு' என்று வரும் அந்தப் பழைய வாக்கியத்தை இன்னும் மாற்றி எழுதித் தரவில்லை. கட்டுரைப் புத்தகம் அவளிடமே இருக்கிறது.